மேனேஜருக்கு விலை இல்லை

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் வைத்துக்கொண்டது கிடையாது. வாங்குவோம், துடைப்போம், வெளிச்சம் படுகிற இடத்தில் வைப்போம், விற்போம். என் மாமா விஷயத்தில் இது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தவர் சோபாவில் உட்கார்ந்து, மரியாதைக்கு "நல்லா மெத்துன்னு இருக்கே" என்று சொன்னால் போதும். காபி வருவதற்குள் மாமா விலை சொல்லி முடித்திருப்பார். வந்தவர் கிளம்பும்போது சோபாவும் கிளம்பும். ஒருமுறை அத்தை மணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர்க்கடிகாரம் விலைபோனது. "இருங்க, நான் இன்னும் முழுசாப் பாக்கல" என்றாள் அத்தை. வாங்கினவர் நல்ல மனிதர். கக்கத்தில் இடுக்கியிருந்த கடிகாரத்தைத் திருப்பி அவளுக்கு மணி காட்டிவிட்டுத்தான் படி இறங்கினார்.

பேராசை என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிறதல்லவா, அந்த மாதிரி. யாராவது எதையாவது பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் மாமாவின் வாய் விலை சொல்லிவிடும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும்.

எங்கள் தெரு முழுக்க மின்சாரச் சாமான் கடைகள். மாமாவுடையது விளக்குக்கடை. பக்கத்தில் ஒயரும் சுவிட்சும் விற்கிற கடை என்னுடையது. நடுவில் இருக்கிற பலகைத் தடுப்பில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து உண்டு. குடும்ப விஷயங்கள் அந்த வழியாகத்தான் போய் வரும். நேர் எதிரே ஃபேன் கடைக்காரர். அவருக்கும் மாமாவுக்கும் சின்ன வயதிலிருந்தே பகை. தினமும் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருக்கும் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பகை.

தெருவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாம், பொருளைப் பற்றி வாய்க்கு வந்ததை அளக்கலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் கடைக்காரன் சொன்ன விலைக்கு எதிராளி "சரி" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பொருள் அவருடையது. அப்புறம் மாட்டேன் என்று சொன்னவனை அந்தத் தெருவில் டீ குடிக்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள். மாமாவின் பெயர் பெரிதானதே இதில்தான். ஒருநாள் தூக்கக்கலக்கத்தில் ஒரு சரவிளக்குக்கு மேசை விளக்கின் விலையைச் சொல்லிவிட்டார். அந்த ஆள் கண் சிமிட்டாமல் "சரி" என்றார். மாமா ஏணி போட்டு ஏறி, சரவிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு கண்ணாடித் துளியையும் தாளில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டுபோய் அந்த ஆளுடைய காரில் வைத்துவிட்டு வந்தார். பிறகு கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதார். இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொன்னது ஃபேன் கடைக்காரர்தான். கேலியாகத்தான் ஆரம்பிப்பார், முடிக்கும்போது அவருடைய குரலே கொஞ்சம் கம்மும்.

இனி வண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டிலிருந்து மூங்கில் கூடு போட்ட விளக்குகள் ஒரு மரப்பெட்டியில் வந்தன. உடையாமலிருக்க உள்ளே மரத்தூள் அடைத்திருந்தார்கள். வழியில் எங்கேயோ தண்ணீர் பட்டு அது ஊறிப்போயிருந்தது. மாமா கையை விட்டு விளக்கை எடுக்க, விளக்கோடு சேர்ந்து வந்தது கட்டைவிரலைவிடத் தடித்த ஒரு வெள்ளைப் புழு. தலை மட்டும் பழுப்பு. உள்ளங்கையில் சுருண்டு படுத்துக்கொண்டது.

"அய்ய, தூக்கி வெளியில போடுங்க" என்றாள் அத்தை.

"வாடகை குடுத்து வரவழைச்சிருக்கோம். என்னதான் ஆகுதுன்னு பாத்துட்டுப் போடலாம்" என்றார் மாமா. கருணையெல்லாம் கிடையாது. பெட்டிக்கு எடை போட்டுக் கட்டணம் கட்டியிருந்தார். அந்த எடையில் புழுவும் சேர்த்தி.

விற்காமல் கிடந்த பெரிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் மரத்தூளையும் மக்கிப்போன கட்டையையும் போட்டுப் புழுவை உள்ளே விட்டார். அது தின்றது, பெருத்தது, பெருத்ததும் மறுபடி தின்றது. பிறகு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று நாங்கள் மறந்துபோன சமயத்தில் ஒரு காலை, குடுவைக்குள்ளிருந்து ஒருத்தர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை நீளம். தலையிலிருந்து கீழே ஒன்று, கழுத்திலிருந்து மேலே ஒன்று என்று இரண்டு கொம்பு, இடுக்கி மாதிரி. காற்று காய்ந்திருந்தால் முதுகு மஞ்சள், ஈரமாக இருந்தால் கறுப்பு. காலையில் எல்லோரும் வேலை ஆரம்பித்தபிறகு எழுந்து, ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, யாராவது தொட்டால் மட்டும் உஸ்ஸென்று சீறுவார். ஆகவே மேனேஜர் என்று பெயர் வைத்தோம்.

மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டியில் மேனேஜர் குடியேறினார். மாமா காலையில் கடை திறந்ததும் முதலில் பார்ப்பது அவருடைய முதுகைத்தான். "மாப்ள, மேனேஜர் கறுத்துட்டாரு, இன்னைக்கு மழை. குடை வாங்க ஓடுறவன் விளக்கு வாங்க மாட்டான், சீக்கிரம் சாப்பிட்டுப் படுப்போம்" என்பார். மத்தியானம் சாப்பாட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலையில் வந்த கிராக்கிகளைப் பற்றி வண்டிடம் விலாவாரியாகச் சொல்வார். மாமா ஒருத்தரிடம் மணிக்கணக்கில் பேசிவிட்டு எதையும் தலையில் கட்டாமல் எழுந்ததை நான் பார்த்தது அங்கேதான். அருவருத்துக்கொண்டிருந்த அத்தைகூடப் பழம் கனிந்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து வாங்க ஆரம்பித்தாள். "இந்த மனுஷன் வீட்டுக்குக் கொண்டு வந்ததுல வித்துப் போகாம நிக்கிறது நானும் இந்த வண்டும்தான்" என்பாள்.

ஆனால் வாய் அதே வாய்தானே. வண்டைப் பார்க்க வருகிறவர்கள் "அட, நல்லா இருக்கே" என்பார்கள். மாமா விலை சொல்லிவிடுவார். ஒரு ஸ்கூட்டர் வாங்கக்கூடிய விலை.

"எவனாவது சரின்னு சொல்லிட்டா?" என்று அத்தை ஒருநாள் கேட்டாள்.

"ஒரு வண்டுக்கு அந்த விலைக்கு எந்தப் பைத்தியக்காரன் சரிம்பான்?"

"சரவிளக்கு எடுத்துட்டுப் போனவன் பைத்தியக்காரனா?"

மாமா பெட்டியின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

வண்டு பார்க்க வருகிற கூட்டம் ஃபேன் கடை வாசலை மறைத்தது. "ஃபேன் வாங்க வர்றவன் உன் பூச்சியைப் பாத்துட்டு, வேர்வை அடங்கி வீட்டுக்குப் போயிடுறான்யா" என்று அவர் கத்திப் பார்த்தார். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டார். அப்போதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். அவர் பூச்சித் துறைக்குப் புகார் கொடுத்திருந்தார்.

வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். வெயிலில் வந்ததால் களைத்திருந்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடி, தோளில் காற்று ஓட்டை போட்ட ஒரு வெள்ளைப் பெட்டி. சந்து வழியாக நானும் உள்ளே போனேன். தெருவில் சட்டம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர். அதற்குக் காரணம் நான் கண்ணாடி போட்டிருக்கிறேன் என்பதுதான்.

"வெளிநாட்டுப் பூச்சி வளக்கிறதா புகார் வந்திருக்கு" என்றார்.

"வளக்கலைங்க மேடம். அவரு பாட்டுக்கு இருக்காரு" என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் மேனேஜரை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எப்படி வந்தது, என்ன சாப்பிடுகிறது, வெளியே பறந்ததுண்டா என்று கேட்டார். பழைய மரப்பெட்டியையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மாமா உண்மையே சொன்னார். அவருக்கு அது புது அனுபவம், நெற்றியில் வேர்த்துவிட்டது.

"பயப்படாதீங்க. சட்டம் ரொம்ப சிம்பிள்" என்றார் இன்ஸ்பெக்டர். "இது பயிரைத் திங்கிற ஜாதி இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதுவும் ஆண், பெருகாது. மூடின பெட்டியில இருக்கு. நீங்களா கடத்திட்டு வரல. வீட்டுப் பிராணி மாதிரி வச்சுக்கலாம். ஒரே கண்டிஷன், விக்கக்கூடாது. விக்கிறதுக்காக வச்சிருக்கவும் கூடாது. அப்படி வச்சிருந்தா பறிமுதல் பண்ணி ஃப்ரீசர்ல போட்டுடுவோம்."

"ஃப்ரீசர்லயா?"

"உயிரோட வெளிய விட முடியாதே."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "விக்கிறதா? நான் ஏன் மேடம் விக்கப்போறேன்?" என்றார். அந்த நிமிஷத்தில் அது சத்தியமான வார்த்தை.

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. பூதக்கண்ணாடியைப் பையில் போட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்புகிறவர், கடமையெல்லாம் முடிந்த நிம்மதியில், குனிந்து மேனேஜரை ஒருமுறை சாதாரணமாகப் பார்த்தார்.

"உண்மையிலேயே ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

நான் மாமாவின் வாயைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள். இரண்டு பேருமே தூரத்தில் இருந்தோம்.

மாமா ஸ்கூட்டர் விலையைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வாயடைத்துப் போய் நின்றார். அது அதிர்ச்சி என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எங்கள் தெருவில் விலை சொன்னபிறகு கிராக்கி பேசாமல் நின்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்: விலை அதிகம் என்று நினைக்கிறார், கொஞ்சம் குறைத்தால் வழிக்கு வருவார்.

"சரி, நம்ம மேடம், உங்களுக்காகக் குறைச்சுக்கிறேன்" என்று கொஞ்சம் இறங்கினார் மாமா.

இன்ஸ்பெக்டரின் கண் இன்னும் விரிந்தது.

"வெயில்ல வந்திருக்கீங்க. இன்னும் குறைச்சுப் போட்டுக்கிறேன். கண்ணாடிப் பெட்டியும் சேத்து."

"நீங்க என்ன பண்றீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

கடைக்குக் கடை ஏறி இறங்குகிற எல்லாக் கிராக்கியும் ஒரு கட்டத்தில் சொல்கிற வாக்கியம்தான் அது. மாமா இன்னொரு படி இறங்கினார். ஸ்கூட்டரில் ஆரம்பித்த மேனேஜர் ஒரு சைக்கிளில் வந்து நின்றார். அப்போதுதான் மாமாவின் மூளைக்குத் தகவல் போயிருக்க வேண்டும். முகம் அப்படியே வெளுத்தது.

"மாமா" என்றேன் நான், ரொம்பத் தாமதமாக.

இன்ஸ்பெக்டர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் காதால் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்கிற ஆளும் இல்லை. நாளைக் காலையில் ஆபீசுக்கு வாருங்கள், பெரிய அதிகாரி விசாரித்து முடிவு செய்வார் என்று சொல்லிவிட்டு, மேனேஜரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டார். மாமா தெருமுனை வரை பின்னாலேயே ஓடினார். "பழம் நல்லாக் கனிஞ்சதா குடுங்க மேடம். லைட்டை அணைச்சுடுங்க. கொம்பைத் தொடாதீங்க, அவருக்குப் பிடிக்காது."

ஃபேன் கடைக்காரர் தன் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் அவ்வளவாகச் சந்தோஷம் இல்லை. எதிரி அழுகிற மாதிரி ஓடுவதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை மாமா, அத்தை, நான் மூன்று பேரும் பூச்சித் துறை ஆபீசுக்குப் போனோம். புகார் கொடுத்தவர் என்பதால் ஃபேன் கடைக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஆட்டோவில்தான் போனோம். தனித்தனியாகப் போவது வீண் செலவு என்பதில் மட்டும் மாமாவுக்கும் அவருக்கும் எப்போதும் ஒத்த கருத்து.

பெரிய அதிகாரியின் அறையில் ஒரு மேசை, சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துக்குள் குத்தி வைத்த பட்டாம்பூச்சிகள், மூலையில் ஆள் உயரத்துக்கு உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஃப்ரீசர். நாங்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு ஊழியர் உள்ளே வந்து ஃப்ரீசரைத் திறந்து தன் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைகளில் என்னென்னவோ கால்கள் தெரிந்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

மேசை நடுவில் மேனேஜர். இரவு நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பழம் பாதி தின்றிருந்தது. ஏசி அறையில் முதுகு நல்ல மஞ்சளாக மின்னியது.

பெரிய அதிகாரி அதிகம் பேசாத மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். ஸ்கூட்டரிலிருந்து சைக்கிள் வரை ஒரு படிகூட விடாமல் சொன்னார்.

"இவர் வண்டுக்கு விலை சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?" என்று ஃபேன் கடைக்காரரிடம் கேட்டார் அதிகாரி.

"எனக்கே சொல்லியிருக்காரு சார்" என்றார் அவர். பிறகு மாமாவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஆனா சார், அவரு எதுக்குத்தான் விலை சொல்லல. என் கடை போர்டு நல்லா இருக்குன்னு நான் சொன்னதுக்கு, என் போர்டுக்கே எங்கிட்ட விலை சொன்னாரு" என்றார்.

"அவரு சொல்றது நிஜம்தான் சார்" என்றாள் அத்தை. "அது ஒரு வியாதி மாதிரி. எங்க வீட்டுக் கடிகாரத்தைக் கேளுங்க."

"கடிகாரம் எங்க இருக்கு?"

"அதான் வித்துட்டாரே."

இது எங்களுக்குச் சாதகமான சாட்சியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நாற்காலியில் சாய்ந்து மேனேஜரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம், "கடைசியா சொன்ன விலை அந்தச் சைக்கிள் விலைதானே? உங்க வாயால சொன்னதுதானே?" என்று கேட்டார்.

"நான்தான் சொன்னேன் சார்" என்றார் மாமா.

"சரி" என்றார் அதிகாரி.

அறையில் ஃப்ரீசர் மட்டும் உறுமியது.

"என்ன சார் சரி?" என்றார் மாமா.

"அந்த விலைக்குச் சரி. நானே எடுத்துக்கிறேன். குடுங்க."

ஃபேன் கடைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். எனக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது, அல்லது புரிந்தது என்று நினைத்தேன். அதிகாரிக்கு வண்டின் மேல் ஆசை வந்துவிட்டது. கொடுத்தால் வண்டு அவர் வீட்டில் சௌக்கியமாக இருக்கும், கேஸும் காற்றில் போய்விடும். வியாபாரம் தெரிந்த எவனும் இந்த இடத்தில் யோசிக்கமாட்டான். மாமாவின் காதருகே குனிந்து, "குடுத்துடுங்க மாமா. ஃப்ரீசருக்கு இது எவ்வளவோ மேல். உங்க வாக்கும் நிக்கும்" என்றேன்.

மாமாவுக்குக் காது கேட்ட மாதிரியே தெரியவில்லை. பெட்டியின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, என் வாழ்நாளில் நான் பார்த்திராத ஒரு காரியத்தைச் செய்ய ஆரம்பித்தார். தன் சரக்கைத் தானே மட்டம் தட்டினார்.

"சார், உங்ககிட்ட மறைக்கக்கூடாது. மேல் கொம்பு லேசா கோணல்."

"பரவாயில்ல. சரி."

"நிறம் நிக்காது சார். மழை வந்தா கறுத்துடும். அப்புறம் என்னைத் திட்டுவீங்க."

"திட்டல. சரி."

"வேலை ஒண்ணும் செய்யமாட்டாரு. சாப்பாட்டுச் செலவு ஜாஸ்தி. தொட்டா கோபம் வேற. உங்க மாதிரி பெரிய மனுஷனுக்கு இது லாயக்கே இல்ல சார். வேற நல்ல சரக்கு வந்தா நானே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறேன்."

"எனக்கு இதுவே போதும். சரிங்கிறேன்."

எங்கள் தெருவில் ஒரு தரம் சரி சொன்னாலே முடிந்துபோகும். இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா ஃபேன் கடைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் இப்போது எதிரியாக உட்கார்ந்திருக்கவில்லை, தெருவாக உட்கார்ந்திருந்தார். இங்கே நடப்பது சாயங்காலத்துக்குள் கடைசிக் கடை வரை போய்விடும். சரவிளக்கைக் கழற்றிக் கொடுத்தவர் ஒரு பூச்சியைக் கொடுக்கவில்லை என்று போகும்.

மாமா பெட்டியைத் தூக்கினார். அதிகாரி கையை நீட்டினார். மாமாவின் கை பாதி தூரம் போனது. உள்ளே மேனேஜர் அசைவில் கலைந்து உஸ்ஸென்று சீறினார். போன கை திரும்பி வந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டது.

"மாட்டேன் சார்" என்றார் மாமா.

"விலை நீங்க சொன்னது."

"நான்தான் சொன்னேன்."

"நான் சரின்னுட்டேன்."

"ஆமாம் சார். வார்த்தை தவறிட்டேன். என்ன வேணா பண்ணிக்குங்க. என் கையால தர முடியாது."

முதலில் பதறியது ஃபேன் கடைக்காரர். "யோவ், என்னய்யா பேசுற?" என்று எழுந்தே விட்டார். "அவரு சரின்னு சொல்லிட்டாருய்யா. ஒரு தடவை இல்ல, எத்தனை தடவை. தெருவுல நான் எப்படிய்யா மூஞ்சியைக் காட்டுவேன்?"

"உன் மூஞ்சிக்கு என்ன?" என்றார் மாமா.

"உன்னைப் பத்தித்தானேய்யா இத்தனை வருஷமா பெருமையாப் பேசிட்டுத் திரியறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் பட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

அத்தை மூக்கை உறிஞ்சினாள். "இந்த 'மாட்டேன்' உங்க வாயில வரும்னு தெரிஞ்சிருந்தா, அன்னைக்குக் கடிகாரத்துக்கும் ஒண்ணு கேட்டிருப்பேன்" என்றாள்.

பெரிய அதிகாரி பேனாவைத் திறந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் மீசைக்கு அடியில் எதையோ ஒதுக்கி வைத்திருந்த மாதிரி இருந்தது.

"குடுத்திருந்தீங்கன்னா நீங்க வியாபாரி" என்றார். "அப்படியே வாங்கி அந்த ஃப்ரீசர்ல வச்சிருப்பேன். விலை சொல்றவனையெல்லாம் பிடிச்சா ஊர்ல பாதிப் பேரைப் பிடிக்கணும். கேட்ட காசு கிடைக்கும்னு தெரிஞ்சும் குடுக்காதவன் விக்கிறதுக்கா வச்சிருப்பான்? எடுத்துட்டுப் போங்க."

எனக்கு உடம்பு சில்லிட்டது. ஃப்ரீசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காரணமில்லை. கொடுத்துவிடச் சொன்னவன் நான். நல்லவேளை, மாமா அதை அப்புறமும் சொல்லிக் காட்டவில்லை. அத்தைதான் இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு விஷயம்" என்று கூப்பிட்டார் அதிகாரி, நாங்கள் வாசலைத் தாண்டும்போது. "இன்னொரு தடவை இதுக்கு விலை சொன்னீங்கன்னு காதுல விழுந்துச்சோ, விசாரணையெல்லாம் கிடையாது. நேரா ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துலதான்."

ஆட்டோவில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. ஃபேன் கடைக்காரர் இறங்கினவுடன் பேச ஆரம்பித்தார். சாயங்காலம் கடைசிக் கடைக்காரர் மாமாவைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார். டீக்கடையில் எனக்கு மட்டும் டீ வந்தது. கிராக்கிகள்கூட விலை பேசி முடித்துவிட்டு, "குடுப்பீங்கள்ல?" என்று ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். மாமா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். "வண்டைத் தவிர எல்லாம் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு விளக்கைக் கட்டிக் கொடுப்பார். வண்டை யாராவது பார்க்க வந்தால் அத்தை உடனே மாமாவின் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிடுவாள். அந்த வாரங்களில் அவர் கொஞ்சம் சதை போட்டார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவரும் உஷார்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேனேஜரைப் பார்த்து, "நல்லா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "சாப்பிடுறாரா?" என்று முடித்தார். மாமா பிஸ்கட்டோடு தலையை ஆட்டினார்.

போகிறவர் வாசலில் தொங்கிய ஒரு மூங்கில் விளக்கைப் பார்த்து நின்றார். மேனேஜரோடு ஒரே பெட்டியில் வந்தது அது. "இது என்ன விலை?" என்றார்.

மாமா பிஸ்கட்டை விழுங்கிவிட்டு விலை சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பேசவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா கொஞ்சம் இறங்கினார். அவர் தலையைச் சாய்த்து விளக்கின் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். மாமா இன்னும் இறங்கினார். எதிரே ஃபேன் கடைக்காரர் தன் கடையை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, எங்கள் வாசலில் வந்து கை கட்டி நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் விரலால் மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். மாமா கொள்முதல் விலையையும் தாண்டிக் கீழே போனார். நான் சந்து வழியாகக் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"சரி" என்றார் இன்ஸ்பெக்டர்.

மாமா ஃபேன் கடைக்காரரைப் பார்த்தார். ஃபேன் கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். மாமா ஏணியைப் போட்டார். விளக்கைக் கழற்றி, துடைத்து, தாளில் சுற்றி, அதன்மேல் இன்னொரு தாள் சுற்றி, தானே தூக்கிக்கொண்டுபோய் இன்ஸ்பெக்டரின் வண்டியில் வைத்துக் கயிறு கட்டினார்.

ஃபேன் கடைக்காரர் டீக்கடைப் பக்கம் திரும்பி, சத்தமாக, "இங்க ரெண்டு டீ" என்றார்.

இன்ஸ்பெக்டர் வண்டியைக் கிளப்பப் போனவர் நிறுத்தி, மாமாவைப் பார்த்துத் தயங்கினார். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. நான் விலையே பேசலையே, நீங்களா ஏன் குறைச்சுக்கிட்டே போனீங்க? எங்க வீட்டு மூலைக்கு இது சரியா வருமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். முதல்ல சொன்ன விலையே எனக்குச் சரிதான்."

மாமா கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

"அடுத்த தடவை யோசிக்கணும்னா, மேடம்," என்றார், "எதிர்க்கடையில நின்னு யோசிங்க."